பழைய மெஷினை எறிய முன்

ஒக்டோபர், நவம்பரில் ஹல்துமுல்லையில் மழையும் மூட்டமும்தான். கொடியில் போட்ட வெள்ளைச் சீருடை மூன்று நாளானாலும் ஈரம் விடாது. அதனால் எங்களுக்கு வோஷிங் மெஷின் ஆடம்பரமில்லை.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, புது மெஷின் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாமல் போனது. முன்பக்கக் கதவுள்ள எங்கள் பழைய மெஷின் அந்த வருடம்தான் இரையத் தொடங்கியது. திருத்த வந்த பாஸ் பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். சீல் தேய்ந்து, தண்ணீர் இறங்கி, பெயாரிங் துருப்பிடித்திருந்தது.

அதன் தொட்டி இரண்டு பாதிகளாகப் பூட்டியது. பிரித்து பெயாரிங்கும் சீலும் மாற்றினோம். இன்றும் ஓடுகிறது. புதியவை பலவற்றில் தொட்டியை ஒட்டியே விடுகிறார்கள். பெயாரிங் போனால் முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும்.

இப்போது சவர்க்காரத்தூளை அளந்தே போடுகிறோம். கழுவி முடிந்ததும் கதவு ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்து வைக்கிறோம். மாதம் ஒருமுறை கீழேயுள்ள பில்டரைக் கழற்றினால் ஊசி, பொத்தான், சில்லறை எல்லாம் வருகிறது. சத்தம் மாறினால் தள்ளிப்போடுவதில்லை. டிரம்மின் தண்டும் தேய்ந்தால் செலவு பல மடங்கு.

புதிது வாங்கக் கடன் எடுக்க முன், பழையதை ஒருதரம் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.