பால்கடைச் சடக்கு எங்கே இருக்கிறது?

பூகிஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து விக்டோரியா ஸ்திரீட் பக்கமாகச் சில நிமிடங்கள் நடந்தால் தேசிய நூலகம். 2005ல் திறந்த 16 மாடிக் கட்டடம். வடிவமைத்தவர் பினாங்கில் பிறந்த கென் யாங். வெளியே வெயில் கொளுத்தினாலும் கட்டடத்தின் கீழே உள்ள திறந்தவெளியில் காற்று வரும். அங்கே கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மேலே ஏறியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அடித்தளத்தில் இருக்கும் பொது நூலகம் பலருக்கும் பழக்கம். 2024ல் புதுப்பித்துத் திறந்த பிறகு வாரயிறுதிகளில் பிள்ளைகள் கூட்டம் அலைமோதுகிறது. 7ஆம் மாடியில் தொடங்கும் லீ கொங் சியன் மேற்கோள் நூலகம் வேறு உலகம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், கேட்கலாம்.

இந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். அங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறார்.

என் வானொலி நிகழ்ச்சிக்கு ஈசூனிலிருந்து ஒரு பாட்டி அழைத்தார். வயது 78. அவருடைய தாத்தாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஓர் அஞ்சலட்டை வீட்டில் இருக்கிறதாம். முத்திரையில் ஆண்டு 192 வரைதான் தெரிகிறது, கடைசி எண் அழிந்துவிட்டது. ஆங்கிலத்தில் முகவரி எழுதிய பக்கமும் தண்ணீர் பட்டுக் கலைந்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தில், “பால்கடைச் சடக்கில் கடை எடுத்தது பற்றி மெத்த சந்தோஷம்” என்று ஒரு வரி. “அந்தத் தெரு எங்கே இருக்கு தம்பி? தாத்தா இங்கே எங்கே இருந்தார்னு எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது,” என்றார்.

சடக்கு என்றால் சாலை. மலாயாத் தமிழில் புழங்கிய வார்த்தை. தோட்டப்புறத்தில் வளர்ந்த மலேசிய உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சிரிப்பார். ஆனால் பால்கடைச் சடக்கு என்று சிங்கப்பூர் வரைபடத்தில் எதுவும் இல்லை. இணையத்தில் தேடினால் பால் பண்ணைகளும் பால்கோவா விளம்பரங்களும் வந்தன. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டேன். லிட்டில் இந்தியாவில் உள்ள பஃபலோ ரோடுதான் அது என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்தது உண்மை. எருமை இருந்தால் பால் இருக்கும், பால் இருந்தால் கடை இருக்கும் என்று முடிச்சுப் போட்டுவிட்டது. ஆதாரம் எங்கே என்று கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு தெருவைச் சொன்னது.

அதனால்தான் 11ஆம் மாடிக்குப் போனேன். சிங்கப்பூர், தென்கிழக்காசிய நூல் தொகுப்புகள் அங்கே உள்ளன.

அங்கிருந்த தமிழ் நூலகர் உடனே கணினியைத் தட்டவில்லை. முதலில் என்னைக் கேள்வி கேட்டார். அட்டை எந்த ஊரிலிருந்து வந்தது? தாத்தா என்ன தொழில் செய்தார்? குடும்பம் எந்தப் பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போனது? நீங்கள் தமிழ் எழுத்தில் தேடினீர்களா, ஆங்கில எழுத்திலா? நூலகவியலில் இதை ‘ரெஃபரன்ஸ் இன்டர்வியூ’ என்பார்கள். தேடுபவர் வாயால் கேட்பதற்கும் உண்மையில் அவருக்குத் தேவைப்படுவதற்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் பேட்டி. பேட்டி எடுத்தே சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தப் பத்து நிமிடத்தை மாணவன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு விஷயங்களைக் காட்டினார். ஒன்று, இங்கு வாழ்ந்த மக்கள் தெருக்களுக்கு வைத்திருந்த பெயர்களைத் திரட்டி எச்.டி. ஹாட்டன் என்பவர் 1891ல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் கிளை இதழில் எழுதிய கட்டுரை. அந்தக் காலத்தில் அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று, சீனர் சொன்னது ஒன்று, மலாய்க்காரர் சொன்னது ஒன்று, தமிழர் சொன்னது இன்னொன்று. இரண்டாவது, விக்டர் சேவேஜும் பிரெண்டா இயோவும் சிங்கப்பூர்த் தெருப்பெயர்கள் பற்றி எழுதிய புத்தகம். அதில் கிராஸ் ஸ்திரீட் என்ற தலைப்பின் கீழ் விரலை வைத்தார். தமிழர்கள் அதைப் பால்கடைச் சடக்கு என்று அழைத்தார்கள், பால் கடைகள் இருந்த தெரு என்று பொருள். பெயர் ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி அச்சாகியிருந்தது.

தேடுபொறி ஏன் கோட்டைவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. தமிழ் வாயிலிருந்து வந்த பெயர், ஆங்கில எழுத்தில் பதிந்து, இன்னொரு பெயரின் கீழே படுத்திருக்கிறது. தமிழில் தட்டினால் வராது. நமக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் தட்டினாலும் வராது. சடக்கு என்ற சொல்லைக் காதால் கேட்டு, இது மலாயாத் தமிழ் என்று புரிந்துகொண்டு, ஊர்க்காரர்கள் வைத்த பெயர்களை யார் எப்போது தொகுத்தார்கள் என்று நினைவுக்குக் கொண்டுவர ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

நூலகர் வேலை மாறிவிட்டது என்கிறோம். கண்ணெதிரே மாறியதுதான். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டின் பழைய செங்கல் கட்டடத்தில், என் அம்மா தலைமுறை வரிசையில் நின்று புத்தகத்தில் முத்திரை வாங்கியது. அதற்கும் முந்தைய ராஃபிள்ஸ் நூலகம் சந்தா கட்டுகிறவர்களுக்கானது. நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களும் வேண்டும் என்ற நிபந்தனையோடு லீ கொங் சியன் 1953ல் 375,000 வெள்ளி கொடுத்தார். 1960ல் அந்தச் செங்கல் கட்டடம் திறந்தது. 2004ல் சுரங்கப்பாதைக்காக அது போனபோது பலர் மனம் வெதும்பியது இன்னும் நினைவிருக்கிறது. இதற்கிடையே 1998ல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் மின்னணுச் சில்லு ஒட்டிய புத்தகங்கள் வந்தன, இரவல் வாங்குவதை நாமே செய்துகொள்ளத் தொடங்கினோம். முத்திரை குத்தும் கை தேவைப்படவில்லை. நூலகர் என்றாலே அந்தக் கைதான் என்று நினைத்திருந்த பலர், நூலகரே தேவையில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

நம் மொழிக்கு இந்த முடிவு கூடுதல் ஆபத்து. 1887ல் இங்கே வெளிவந்த ‘சிங்கை நேசன்’ வார இதழை இன்று வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். ஆனால் பக்கத்தைப் படம் பிடித்துவிட்டால் போதாது, அதிலுள்ள எழுத்தைக் கணினி அடையாளம் காண வேண்டும். பழைய அச்சில் ‘லை’, ‘னை’ எல்லாம் கொம்பு வளைத்த வேறு வடிவம். 1978ல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்த எழுத்தில் பழகிய நமக்கே கண் தடுக்கும், கணினிக்குக் கேட்கவா வேண்டும்? 2015ல் அருண் மகிழ்நன் தலைமையில் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் 50 ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கி நாட்டுக்குக் கொடுத்தபோது, தொண்டூழியர்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பிழை திருத்தினார்கள். இணையத்தில் தமிழ் தானாக முளைப்பதில்லை.

இன்றைய நூலகரின் வேலைப் பட்டியலில் பாதி நம் கண்ணில் படாதது. இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் 2 படிகளைச் சட்டப்படி நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2019 முதல் ‘டாட் எஸ்ஜி’ என்று முடியும் இணையத்தளங்களையும் சேகரித்து வைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்புவதா வேண்டாமா என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லித் தரும் ‘ஷுவர்’ திட்டம் 2013லிருந்து நடக்கிறது. 2012ல் தேசிய ஆவணக் காப்பகமும் வாரியத்தின் கீழ் வந்ததால் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளும் அங்கேயே. காற்றோடு போகும் குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு அந்த ஒலிப்பதிவுகள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

கிளம்பும்போது நூலகர் கேட்டது எனக்குத் தோன்றவே இல்லாத கேள்வி. “அந்த அட்டையை வீட்டில் எப்படி வச்சிருக்காங்க?” பேரன் லேமினேட் செய்யக் கடைக்குக் கொண்டு போகப்போகிறான் என்று பாட்டி சொல்லியிருந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “வேண்டாம்னு இப்பவே போன் பண்ணுங்க. சூடும் பசையும் பட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. டேப்பும் ஒட்ட வேண்டாம். அமிலம் இல்லாத காகித உறையில போட்டு, வெயில் படாம வைக்கச் சொல்லுங்க.” மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றே அழைத்தேன். அட்டை தப்பித்தது.

அடுத்த சனிக்கிழமை பாட்டியையும் பேரனையும் தெலுக் ஆயர் எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்தேன். நிலையம் இருப்பதே கிராஸ் ஸ்திரீட்டில்தான். இரு பக்கமும் அலுவலகக் கட்டடங்கள், சனிக்கிழமை என்பதால் ஆளரவம் குறைவு. கொஞ்சம் நடந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்குள் திரும்பினால் நாகூர் தர்கா. மறுபுறம் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த ஒருவர் இங்கே கடை எடுத்ததில் என்ன ஆச்சரியம்? அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பு கடல் இந்தத் தெலுக் ஆயர் ஸ்திரீட் ஓரம்வரை இருந்தது. அதைத் தூர்த்துத்தான் இன்று கட்டடங்கள் நிற்கின்றன.

பாட்டி நடைபாதையில் நின்று மேலும் கீழும் பார்த்தார். “இதுல நாலஞ்சு தடவை பஸ்ஸுல போயிருக்கேன்,” என்றார். பேரன் படம் எடுத்தான். எந்தக் கடை, எந்த எண் என்று பாட்டி கேட்டார். எனக்குத் தெரியாது. நூலகர் அதற்கும் வழி சொல்லியிருக்கிறார். 1920களின் வர்த்தகக் கையேடுகளில் தெருவாரியாகத் தேடிப் பார்க்கலாமாம், கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டாராம். வரும் வியாழக்கிழமை காலை 11ஆம் மாடியில் நேரம் குறித்திருக்கிறது. பாட்டியும் வருகிறார். புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்தாயிற்று, புதன்கிழமை கைக்கு வந்துவிடும் என்றார்.