பாதியில் நிறுத்தும் கலை

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கு அருகே, கனககிரி மலையடியில் அமைந்தது தேவிகாபுரம். பட்டு நெசவே அவ்வூரின் அடையாளம். அங்குத் தறியேறும் பட்டு, புழுக்கூட்டிலிருந்து பிரித்த நிலையிலேயே தறிக்கு வந்துவிடுவதில்லை. கச்சாப் பட்டிழையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. சவர்க்காரமும் சோடாவும் கரைத்த நீரில் இழையை வேகவைத்து அப்பசையைப் போக்கிய பிறகே பளபளப்புத் தோன்றும்; சாயமும் சீராகப் பிடிக்கும். வேக்காடு குறைந்தால் நூல் விறைத்து நிற்கும். மிகுந்தால் இழை நைந்துபோகும். எப்போது வெளியே எடுப்பது என்பதை அறிவதே அவ்வேலையின் திறம்.

இதே திறத்தை வேண்டி நிற்கும் இன்னொரு பொருள், ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் கிடக்கிறது. நெல், கரும்பு, அப்பகுதியினர் மல்லாட்டை என்றழைக்கும் நிலக்கடலை ஆகியவை விளையும் மண் அது. அறுவடை முடிந்தபின் எஞ்சும் வைக்கோலையும் சக்கையையும் ஓட்டையும் உருப்பெருக்கியின் துணையோடு ஆராய்ந்தால், அவையும் ஒருவகை நெசவே என்பது புலப்படும். செல்லுலோஸ் என்னும் நீண்ட இழைகள் பாவாக நிற்கின்றன. சைலான் என்னும் நார்ப்பொருள் அவற்றைப் பின்னிப் பிடிக்கிறது. லிக்னின் பசைபோல இரண்டையும் இறுக்குகிறது. இவற்றுள் சைலான், சைலோஸ் என்னும் சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட சரம். அச்சரத்தை அறுக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. பூஞ்சைகளிடம் நிறைய உண்டு.

அத்தகைய பூஞ்சைகளுள் ஒன்று உலகுக்கு அறிமுகமான விதம் வியப்பானது. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் முகாமிட்ட அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் மட்கி உதிர்ந்தன. காரணம் தேடியவர்கள் ஒரு பூஞ்சையைக் கண்டெடுத்தனர். அதனை நெடுங்காலம் ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் அது பின்னாளில் டிரைக்கோடெர்மா ரீசி எனப்பட்டது. துணியைத் தின்ற பகைவன், இன்று தொழிற்சாலைகளுக்கு நொதி சுரந்து தரும் ஊழியன். அதன் இனத்தைச் சேர்ந்த டிரைக்கோடெர்மா விரிடியைத் தமிழக உழவர்கள் நன்கறிவர். வேரழுகலைத் தடுக்க நிலக்கடலை விதையோடு, கிலோவுக்கு 4 கிராம் வீதம், கலந்து விதைக்கும் பொடி அதுவே.

பூஞ்சை நொதிகளுள் சைலனேஸ் என்பது சைலான் சரத்தை இடையிடையே வெட்டுகிறது. இரண்டு முதல் ஆறேழு மணிகள் வரை கொண்ட துண்டுகள் கிடைக்கும்போது வேலையை நிறுத்திவிட வேண்டும். சைலோசிடேஸ் என்னும் துணைநொதி புகுந்து அத்துண்டுகளை ஒற்றை மணிகளாக உதிர்த்துவிட்டால், எஞ்சுவது வெறும் சர்க்கரை. அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நொதியின் அளவும் வெப்பமும் அமிலத்தன்மையும் நேரமும் ஆய்வகத்தில் அத்துணைக் கவனமாக அளக்கப்படுவது இதற்காகவே. பட்டை வேகவைப்பவருக்கு இதனை நெடிது விளக்க வேண்டியிராது.

குறுந்துண்டுகள் செரிக்காமல் பெருங்குடல் வரை செல்கின்றன. 1899இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே, தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் குடலில் கண்ட பிஃபிடோ நுண்ணுயிர்கள் அவற்றை விரும்பி உண்டு பெருகுகின்றன. குடல் நுண்ணுயிர்கள் கூட்டாக நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலம், பெருங்குடல் சுவரின் செல்களுக்கே உணவாகிறது. இவ்வாறு மனிதருக்குச் செரிக்காமல், நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வளர்க்கும் உணவுப்பொருளுக்கு 1995இல் கிப்சனும் ராபர்ஃபிராய்டும் பிரீபயாட்டிக் என்று பெயரிட்டனர்.

ஜப்பானிலும் சீனாவிலும் மக்காச்சோளக் கதிர்ச்சக்கையிலிருந்து இத்துண்டுகள் வணிக அளவில் செய்யப்படுகின்றன. பெங்களூருவிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் வேளாண் எச்சங்களிலிருந்து இவற்றைப் பிரித்து ஆராய்ந்துள்ளது.

ஆயினும், வயலில் எஞ்சுவதையெல்லாம் கழிவு என்று அழைப்பது நகரத்தாரின் கணக்கு. வைக்கோல் மாட்டின் உணவு. அது ஆலைக்குப் போனால் பால் கறக்கும் வீட்டில் தீவனச் செலவு ஏறும். கரும்புச்சக்கை சர்க்கரை ஆலையின் கொதிகலனை எரிக்கிறது. நிலக்கடலை ஓட்டில் லிக்னின் மிகுதி, சைலான் குறைவு. மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையோ மாட்டுக்கு உகந்த தீனியன்று. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலான் வகை நார். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் அது களத்தோரம் குவிகிறது. சக்கையிலிருந்து சைலானைப் பிரிக்கப் பெரும்பாலும் காரநீர் தேவைப்படுகிறது. பயன்படுத்திய காரநீரைச் சுத்திகரிக்க ஆகும் செலவையும் உற்பத்திக் கணக்கில் சேர்த்த பிறகே, உழவரிடம் அச்சக்கைக்கு என்ன விலை பேசுவது என்பது தெரியவரும்.