அப்பாவின் எம்.ஜி.பி. மீண்டும் கோயில் வாசலில்



அப்பா விட்டுப்போன 1966 எம்.ஜி.பி. காடி, தம்பி ஓட்டினப்போ மழையில வழுக்கிக் கால்வாய்ல விழுந்துச்சு. ஆறு வருஷமா வீட்டுக்குப் பின்னால கிடந்ததை, கோயில் தொண்டு இல்லாத ஞாயிறுகள்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து சரிபண்ண ஆரம்பிச்சோம்.

கதவுக்குக் கீழ நீளமா ஓடுற சில் தகடு துருப்பிடிச்சிருந்தது. ஃபேக்டரியில நாலு பேருக்கு வேலை சொல்ற எங்களுக்கே பொறுமை இல்ல, வெட்டிட்டோம். கூரை இல்லாத அந்தக் காடிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாரத்தை முக்கியமா தாங்குறதே அந்தத் தகடுதான். பாடி நடுவுல தொங்கிடுச்சு, கதவு மூடல. யார் தப்புன்னு சண்டை. பழைய விபத்தும் பேச்சுல வந்துடுச்சு. ரெண்டு மாசம் பேசிக்கல.

அம்மாதான் கூப்பிட்டு, "காடி கிடக்கட்டும்பா. முதல்ல ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுங்க"ன்னாங்க.

மறுபடி ஜாக்கியில தூக்கி, கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் குழாய் முட்டு வச்சோம். கதவு சரியா மூடுதான்னு பார்த்துப் பார்த்துப் புதுத் தகட்டை வெல்டிங் பண்ணினோம். இருக்கைக்குப் பின்னால இருந்த ரெண்டு 6 வோல்ட் பேட்டரிக்குப் பதிலா ஒரு 12 வோல்ட் பேட்டரி. நம்ம ஊர் ஜாமுக்காக ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன். அப்பா அடிச்ச பச்சை நிறத்தை மட்டும் மாத்தல.

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசல்ல பூஜை போட்டோம். தம்பிதான் ஓட்டினான். எலுமிச்சம்பழம் நசுங்கினப்போ அம்மா அழுதுட்டாங்க.

வீட்டுல பழைய காடி வச்சிருக்கிறவங்க, வெட்டுறதுக்கு முன்னாடி முட்டு வைங்க. பேசாம இருக்கிற அண்ணன் தம்பி இருந்தா, இன்னிக்கே ஒரு போன் போடுங்க.