எந்த பிளேயர்ல சவுண்ட் நல்லா கேக்கும்? (த்ரெட்)

நைட் டூட்டில கூட்டம் குறைஞ்சதும் என் லேப்டாப்பில் ராஜா சார் பாட்டு மெதுவா ஓடும். பத்து வருஷப் பைத்தியம் அது.

அப்படி ஒரு ராத்திரி, தகரம் கிழிச்ச கையோட ஒரு தம்பி வந்தார். வயது 26. ஒரகடம் பக்கம் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. தையல் போடும்போதே ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"சார், இது என்ன பிளேயர்? என் லேப்டாப்ல எதைப் போட்டாலும் பாட்டு மந்தமாவே கேக்குது."

கேட்கக் கூடாத ஆள்கிட்ட கேட்டுட்டார் 😀

இது ஃபூபார்2000. 2002-லிருந்து இருக்கு, இலவசம். ஆனா ஒரு உண்மையைச் சொல்லணும். பிளேயர் செய்யற வேலை ரொம்ப சின்னது. ஃபைலைத் திறந்து, அதை எண்களா மாத்தி, விண்டோஸ் கையில கொடுக்கும். வால்யூம், ஈக்வலைசர் எதையும் தொடலைன்னா எல்லா நல்ல பிளேயரும் கொடுக்கற எண்கள் ஒண்ணுதான். வசாபி எக்ஸ்க்ளூசிவ்னு ஒரு செட்டிங் உண்டு. விண்டோஸ் மிக்சரைத் தாண்டி நேரா சவுண்ட் கார்டுக்கே அனுப்பும். அதைப் போட்டுட்டு நானும் "ஆஹா"ன்னு இருந்தவன்தான்.

அப்புறம் ஃபூபார்ல தனியா சேர்த்துக்கக்கூடிய ஏபிஎக்ஸ் சோதனையில உட்கார்ந்தேன். எது எம்பி3, எது ஃப்ளாக்னு சொல்லாம போட்டுக் காட்டும், நாம கண்டுபிடிக்கணும். 16 தடவையில 9 சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும் 🤦

ஒரே பாட்டை ரெண்டு பிளேயர்ல கேட்டு "இதுதான் பெட்டர்"னு தோணுதா? முக்கால்வாசி நேரம் அதுல சத்தம் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். சத்தம் கூடினா நம்ம மூளைக்கு அது தரம் கூடின மாதிரி.

இதெல்லாம் சொல்லி அனுப்பினேன். ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தார்.

"சார், கோச்சுக்காதீங்க. விஎல்சிதான் பெட்டர். அதுல 125 வரைக்கும் ஏத்தலாம். 125 வெச்சாத்தான் தெளிவா இருக்கு. ரூம் பசங்கதான் திட்டறாங்க."

அப்பதான் எனக்கு உறைச்சது. ஒரு வாரம் முன்னாடியே உறைச்சிருக்கணும்.

"ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா காதுல கொய்ன்னு சத்தம் வருமா தம்பி?"

"அது எல்லாருக்கும் வரும் சார்."

"பேசறது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலன்னு இருக்கா?"

தலையை ஆட்டினார்.

ஆடியோகிராம் எடுத்தோம். ரெண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ்ல 50 டெசிபல் பள்ளம், 8000-ல கொஞ்சம் மேலே ஏறுது. இரைச்சல்ல கெட்ட காதோட கையெழுத்து இது. ஹை-ஹேட், சலங்கை, பேச்சுல ச, ஸ... எல்லாத்தோட கூர்மையும் அந்தப் பக்கம்தான் இருக்கு. காதுக்குள்ள மயிர்செல்கள் ஒரு பக்கத்துக்கு சுமார் 15,000. போனா திரும்ப முளைக்காது. எந்த சாஃப்ட்வேரும் முளைக்க வைக்காது.

நம்ம ஊர் விதிப்படி 90 டெசிபல்னா 8 மணி நேரம்தான். இவர் ஓடி சேர்த்து 12 மணி நேரம் நிக்கறார். இயர்பிளக் கொடுத்திருக்காங்களாம். எப்படிப் போடணும்னு யாரும் காட்டலை. (ஃபோம் பிளக்கை மெல்லிசா உருட்டணும், இன்னொரு கையால காதை மேலே இழுக்கணும், உள்ளே விட்டு உப்பற வரைக்கும் விரலால பிடிக்கணும். சும்மா ஓரத்துல சொருகினா பிரயோஜனம் இல்லை.)

"சார், கம்பெனிக்குத் தெரியவேணாம். கான்ட்ராக்ட் ரெனியூ பண்ண மாட்டாங்க."

இரைச்சலால வர்ற செவித்திறன் இழப்பு, 2025 வரை நடப்புல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையிலேயே இருந்தது. பார்க்கிற டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுதணும்னு அதுல இருந்தது. அவர்கிட்ட சொன்னேன்.

"என் பேர் போகுமா சார்?"

"போகும் தம்பி."

கொஞ்ச நேரம் பேசலை. கிளம்பிட்டார். ரெண்டு நாள் அந்தத் தாளை மேஜையில வெச்சிருந்து, மூணாம் நாள் அனுப்பினேன்.

போன வாரம் வந்தார். இன்னும் அதே பிரஸ்தான். பிளக் மட்டும் ஒழுங்கா போடறார், மெடிக்கல்ல சொந்தக் காசுல வாங்கி. கையோட லேப்டாப்.

"ஃபூபார்தான் சார் போட்டிருக்கேன், சத்தம் கம்மியா. ஆனா அந்த சலங்கை மட்டும் வரல. செட்டிங் ஏதாவது இருக்கா?"

ஈக்வலைசர்ல 4000 பக்கம் மூணு டெசிபல் ஏத்தி, மொத்த வால்யூமைக் குறைச்சுக் கொடுத்தேன்.

"இப்ப லேசா இருக்கு சார்"னார்.