தட்டில் நிற்கும் தண்ணீர்

தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் ஒரு மொட்டை மாடி. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அங்கே நாற்பது தொட்டிகள் வைத்திருக்கிறார். தக்காளி, கத்தரி, மல்லிகை, ஓர் எலுமிச்சை, வீட்டுக்கே செல்லமான ஒரு கறிவேப்பிலை. போன கோடையில் கறிவேப்பிலையின் கொழுந்து மஞ்சளாக வரத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளுப்பு.

பக்கத்து வீட்டில் "யூரியா போடுங்க டீச்சர்" என்றார்கள். எதிர்வீட்டில் புளித்த மோர். வாட்ஸ்அப்பில் எப்சம் உப்பு. மூன்றும் போயின. செடி தேறவில்லை.

செடி சொன்ன சேதியை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள பழைய இலை. அதிலிருந்து சத்தை எடுத்துச் செடி கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்தை அப்படி இடம் மாற்ற முடியாது. அதனால் இரும்பு கிடைக்காதபோது கொழுந்துதான் முதலில் வெளுக்கும். மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மண் காரமாகிவிட்டால் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். துத்தநாகமும் அப்படியே.

அந்தக் காரத்தை அளக்கும் கணக்குதான் பி.எச். 1909-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற விஞ்ஞானி வகுத்தது. ஏழு நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது. பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட மண் போதும்.

மாடித் தொட்டியில் காரம் எங்கிருந்து வருகிறது? போர் தண்ணீரிலிருந்துதான். கீஸரிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான். தினமும் ஒரு குவளை ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. உப்பும் சுண்ணாம்பும் போவதில்லை.

டீச்சரின் தம்பிக்கு வேளாங்கண்ணிப் பக்கம் வயல். ஒரு நாள் மாடிக்கு வந்தவர் இலையைப் பார்க்கவில்லை, குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தார்.

"தண்ணி எங்கக்கா போவுது?"

"தட்டு வெச்சிருக்கேன்டா. மாடி ஒழுகக் கூடாதுல்ல."

"அப்ப உப்பும் தட்டுலயே நின்னு திரும்ப மேல ஏறுது. வடிகாலே இல்லியே."

அவர் அதைக் கற்றுக்கொண்ட விதம் சாதாரணமானதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகைக் கரையைத் தாக்கியபோது உயிர்களோடு வயல்களும் போயின. கடல்நீரும் சேறும் நின்ற நிலத்தில் இனி நெல் விளையுமா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் அந்த வயல்களில் இறங்கி, இயற்கை முறையில் மண்ணை மீட்க உழவர்களோடு வேலை செய்தார். அதில் முக்கியமான ஒன்று தக்கைப்பூண்டு. உப்பு மண்ணிலும் முளைக்கும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மட்கி மண்ணை இளக்கும். இளகிய மண் வழியே மழைநீர் உப்பைக் கழுவி இறக்கும். அந்த நீர் வெளியேற வடிகால் திறந்திருந்தால்தான் இதெல்லாம் பலிக்கும்.

எல்லா உப்பு நிலமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். சோடியம் ஒட்டிக்கொண்டு, பி.எச். எட்டரையைத் தாண்டிய களர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளியதை வெளியேற்றுவது மறுபடியும் தண்ணீரின் வேலை. மாடித் தொட்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஜிப்சம் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

டெல்டாக்காரர்களைத் தொட்டி ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல் வயலில் தண்ணீர் கட்டி நின்றால் சில வாரங்களில் கார மண்ணும் நடுநிலையை நோக்கி இறங்கும். பூட்டிய இரும்பும் கரையும். தண்ணீர் நிற்பது நல்லது என்று ஊரே பழகியிருக்கிறது. கறிவேப்பிலை நெல் அல்ல. தண்ணீர் நின்றால் அதன் வேர் மூச்சு முட்டிப் போகும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. செடிக்கு வழக்கம்போல் தண்ணீர் விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு டம்ளர் மேலே ஊற்றி, அடியில் முதலில் சொட்டுவதைப் பிடித்து பி.எச். தாளை நனைக்கலாம். பேனா போன்ற மீட்டர் என்றால் நான்கு, ஏழு கரைசல்களில் அதைச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். வேர்மண்ணின் அளவை இது அச்சாகச் சொல்லாது, போக்கைச் சொல்லும். டீச்சரின் தொட்டியில் தாள் எட்டைத் தாண்டிய நிறம் காட்டியது.

தட்டுகள் போயின. தொட்டிகள் செங்கல் மேல் ஏறின. பிடித்து வைத்த மழைநீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நிதானமாக ஊற்றி ஒரு முறை கழுவினார். பிறகு மண்புழு உரம், சிட்டிகை கந்தகத் தூள். கந்தகத்தை நுண்ணுயிர்கள் அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு அள்ளிப் போடக் கூடாது. கொழுந்துக்கு உடனடி உதவியாக லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு, மாலையில் இலைமேல் தெளிப்பு. மண்ணில் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். மோரைப் பொறுத்தவரை, சுண்ணாம்பு ஏறிய மண் அந்தப் புளிப்பை நொடியில் விழுங்கிவிடும். குடிப்பதே லாபம்.

வடிகிற நீரை என்ன செய்வது என்பதுதான் டீச்சருக்குக் கடைசிக் கவலை. அதில் உப்பும் உரமும் இருக்கும். தளத்திலேயே தேங்கினால் கான்கிரீட்டுக்கு ஆகாது. ஒரு பக்கமாகச் சரித்த தகரத்தில் இறக்கி, குழாய் வழியாகக் கொல்லைத் தென்னைக்கு விட்டுவிட்டார். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். ஐப்பசி மழை தொடங்கினால் இந்தக் கழுவலும் தேவையில்லை. அதற்குள் தொட்டிகளின் அடித்துளையை மட்டும் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிட வேண்டும், வேர் அடைத்திருக்கும்.