கடைசி ஆட்டம்

எங்கள் வீட்டினுள்ளே சீட்டுக்கட்டு நுழைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றது. எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, வீட்டிலிருந்த கடைசிக் கட்டினை என் தாயார் அடுப்பில் இட்டதைக் கண்ணாரக் கண்டேன். ஐயா கெட்டவரல்லர். விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு இறைத்தவர். கோயில் திருவிழாவில் முன்னின்று உழைத்தவர். ஆயினும், இழந்ததை மீட்டுவிடவேண்டும் என்ற எண்ணம் ஒரு மாலைப்பொழுதில் அவரைப் பற்றிக்கொண்டது, பின்னர் விடவேயில்லை. நூறு ரூபா தோற்றால் அடுத்து இருநூறு வைப்பார். அதுவும் போனால் நானூறு. அம்மாவின் சீதனக் காணி நாலு பரப்பும் முதலில் ஈடாகவும் பின்னர் அறுதியாகவும் போயிற்று. கோயிலிலே பாரதக் கதை சொல்லும்போது, தருமர் சூதாடும் கட்டம் வந்தால் அம்மா எழுந்து வெளியே சென்றுவிடுவார்.

இத்தகைய வீட்டிற் பிறந்து, கல்லூரியொன்றில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் போதிக்கும் நான், சூதாட்ட விடுதியில் நடைபெறும் பிளக்ஜக் போட்டியைப் பற்றி எழுதப் புகுவது வாசகருக்கு வியப்பாயிருக்கலாம். சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், கலிபோர்ணியாவில் வாழும் என் தம்பியிடம் சென்றிருந்தேன். அவன் என்னை அடுத்த மாநிலமாகிய நெவாடாவுக்கு அழைத்துச் சென்றான். 1931ஆம் ஆண்டிற் சூதாட்டத்தைச் சட்டமுறையாக்கிய மாநிலம் அது. லாஸ் வேகஸ் நகரை அடைந்த பின்னரே அவன் உண்மையைச் சொன்னான்.

"அண்ணை, ஐம்பது டொலர் கட்டி ஒரு போட்டியிலை பேர் குடுத்திருக்கிறன். நீங்கள் பின்னாலை நிண்டு பாருங்கோ."

நான் பேசவில்லை. ஐயாவின் நெடிய விரல்கள் அவனுக்கும் இருக்கின்றன என்பதை அன்றுதான் கவனித்தேன்.

பிளக்ஜக் என்பது எளிய ஆட்டமே. சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், அதற்கு இயன்றவரை அண்மையிற் செல்லவேண்டும். படச் சீட்டுகளுக்குப் பத்து. ஆசுக்கு ஒன்று அல்லது பதினொன்று. 21ஐத் தாண்டியவர் உடனே தோற்றார். சீட்டுப் பகிர்பவர் விடுதியின் ஆள். அவருக்குச் சொந்த விருப்பம் இல்லை. 16 வரை எடுத்தேயாகவேண்டும், 17இல் நிற்கவேண்டும். ஆடுபவர் முதலில் எடுத்து முதலிலேயே தாண்டிவிடுவதனால், விடுதிக்கு எப்போதும் ஒரு சிறு மிகுதி உண்டு. 1956இல் அமெரிக்க இராணுவத்திற் பணியாற்றிய நால்வர், எந்தக் கையில் எடுப்பது, எதில் நிற்பது என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். 1962இல் எட்வேட் தோப் என்னும் கணிதப் பேராசிரியர், கழிந்த சீட்டுகளை நினைவில் வைத்து விடுதியையே வெல்லலாம் என்று நூல் எழுதினார். கணித ஆசிரியன் என்ற முறையில் இவற்றை நான் முன்னரே அறிந்திருந்தேன்; ஆடத்தான் துணிந்ததில்லை.

போட்டி வேறு வகையானது. ஒரு மேசையிலே ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் 500 பெறுமதியான வில்லைகள். அவை பணமல்ல; வெளியே ஒரு கோப்பிகூட வாங்க உதவா. ஆட்டங்கள் இருபத்தைந்து. ஒரு ஆட்டத்தில் வைக்கத்தக்க குறைந்த தொகை 10. கூடிய தொகை 500. இருபத்தைந்தாவது ஆட்டம் முடியும்போது எவரிடம் மிகுதியான வில்லைகள் உள்ளனவோ, அவரே அடுத்த சுற்றுக்குச் செல்வார். ஆகவே எதிரி விடுதியன்று, அருகில் இருப்பவரே. நீர் தோற்கலாம், ஆனால் அவர் உம்மைக் காட்டிலும் கூடத் தோற்கவேண்டும். முதலிற் பந்தயம் வைக்கும் கடமை ஆட்டத்துக்கு ஆட்டம் ஒவ்வோர் ஆளாக நகர்ந்து செல்லும். கடைசி ஆட்டத்திற் கடைசியாக வைப்பவருக்கே பெரும் பேறு. மற்றவர் வைத்ததைப் பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யலாமன்றோ?

முன்னணியில் நிற்பவர், தமக்கு அடுத்தவர் வைக்கும் தொகையையே தாமும் வைப்பது நன்று. இருவரும் ஒரே பகிர்பவரை எதிர்த்து ஆடுவதால், பெரும்பாலும் இருவரும் ஒன்றாக வெல்வர் அல்லது ஒன்றாகத் தோற்பர், இடைவெளி மாறாது. பின்தங்கியவரோ அவரோடு ஒத்துச் செல்லலாகாது. அவர் சிறிதாக வைத்தால் இவர் பெரிதாக வைக்கவேண்டும். அவர் பெரிதாக வைத்தால் இவர் சிறிதாக வைக்கலாம். இப்பின்னதுதான் பலருக்கு விளங்குவதில்லை.

அன்று கண்டதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இருபத்துநாலு ஆட்டம் முடிந்தபோது நால்வர் கையிருப்பை இழந்து எழுந்துவிட்டனர். எஞ்சியோர் ஒரு முதிய அம்மையாரும் என் தம்பியும். அம்மையாரிடம் 1,000, தம்பியிடம் 900. அம்மையார் முதலில் 200 வைத்தார். பின்தங்கி நிற்கும் தம்பி என்ன செய்யவேண்டும்? சுற்றி நின்றோர் யாவரும், அவன் அள்ளி வைப்பான் என்றே எதிர்பார்த்தனர். நானும் எதிர்பார்த்தேன், அஞ்சினேன். ஐயாவாயின் 500 வைத்திருப்பார்.

தம்பி 50 வைத்தான்.

மாணவர்கள் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும். தம்பி 310 வைத்திருந்தால், அவன் தன் கையில் வெல்லவேண்டும். ஏறத்தாழ நூறு ஆட்டத்தில் 43இல்தான் அது நிகழும். 50 மட்டும் வைத்தால், அவன் வெல்லவே தேவையில்லை. அம்மையார் தோற்றாற் போதும். அவரிடம் 800 மிஞ்சும், இவன் தானும் தோற்றாற்கூட 850 இருக்கும். ஒருவர் தோற்பதோ நூற்றுக்கு 48 அளவில் நிகழும். மீதி சமமாய் முடிவன. ஆகவே சிறிது வைப்பதே சிறந்தது. ஆனால் அம்மையார் 50 மட்டும் வைத்திருப்பாராயின், தோற்றாலும் அவரிடம் 950 நிற்கும். அப்போது தம்பி பெரிதாக வைத்தேயாகவேண்டும். விடை சூத்திரத்தில் இல்லை. எதிரே உள்ளவரின் கையிருப்பில் உள்ளது.

அம்மையார் கையில் 15. பகிர்பவர் காட்டிய சீட்டு பத்து. அம்மையார் ஒன்று எடுத்தார், ஒன்பது வந்தது. 24. தம்பியின் 19ஐப் பகிர்பவரின் 20 வென்றது. தம்பி தோற்றான், தோற்றே மேசையை வென்றான். அம்மையார் சிரித்து அவன் கையைப் பற்றிக் குலுக்கினார்.

இரண்டாம் சுற்றில் அவன் இருபதாவது ஆட்டத்திலேயே எல்லாவற்றையும் இழந்தான். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு முக்கியமானது அதன் பின்னர் நடந்தது.

போட்டி மண்டபத்திலிருந்து வாயிலுக்குச் செல்லும் வழி நேரானதன்று. இரு மருங்கிலும் சாதாரண மேசைகள். அங்கே வில்லைகள் உண்மைப் பணம். இருபத்தைந்து என்ற எல்லை இல்லை. இரவு பகல் இல்லை. சுவரிற் கடிகாரமும் நான் காணவில்லை. தோற்று வருபவன் அவ்வழியேதான் நடக்கவேண்டும். போட்டியை அமைப்பவர் கணக்கும் அதுவே. நான் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவை சட்டைப்பையை நாடவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் கூசச்செய்தது. மரநிழல் ஒன்றில் நின்றோம். ஐயா இறந்தபின் நாங்கள் இருவரும் அவரைப் பற்றி மனம்விட்டுப் பேசியதில்லை. தம்பிதான் தொடங்கினான்.

"ஐயாவுக்கு ஆடத் தெரியாமலில்லை, அண்ணை. எது கடைசி ஆட்டம் எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

எனக்கு மறுமொழி வரவில்லை. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துக் கண்டித்தார். அதை நான் மறுப்பவனல்லன். தம்பியும் ஐம்பது டொலரை இழந்தவனே. ஆனால் இழக்கப் போவது எவ்வளவு, எழுந்திருக்கப் போவது எப்போது என்ற இரண்டையும் உட்காருமுன்பே அவன் அறிந்திருந்தான். ஐயா எதையுமே அறிந்திருக்கவில்லை. அவருடைய ஆட்டத்தில் இருபத்தைந்து என்ற எண் இல்லை. ஆகையால் பின்தங்கிய ஒவ்வொரு கணமும் அவருக்குப் பெரிதாக வைக்கவேண்டிய கணமாகவே தோன்றிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளாக அவரைப் பேராசைக்காரர் என்று எண்ணியிருந்தேன். அவர் கரை தெரியாமல் நீந்தியவர் என்பது அந்நிழலிற்றான் விளங்கிற்று.

ஊர் திரும்பியதும், நிகழ்தகவு படிக்கும் என் மகன் அக்கடைசி ஆட்டத்தின் கணக்கைக் கேட்டான். தாளிற் சொன்னது போதவில்லை. பட்டணத்தில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கிவந்தேன். வில்லைகளுக்குப் புளியங்கொட்டை. விறாந்தையில் இருவரும் பாய் விரித்து உட்கார்ந்தபோது, அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். என் கை தானாகவே சீட்டுகளை மூடிற்று.

அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"எத்தினை ஆட்டம்?" என்றார்.

"இருபத்தைஞ்சு, அப்பம்மா" என்றான் மகன்.

"எண்ணிக்கொண்டு ஆடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளே போகாமல் எங்கள் அருகிலேயே உட்கார்ந்தார்.