சிறிய முள்ளும் வலுவான நரம்பும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும்போது மேற்கே மலைத்தொடர் உங்களுடன் கூடவே வரும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைந்தபின் கரைகளில் தூண்டில்காரர்களைக் காணலாம். அவர்கள் நாடுவது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையை.

அதன் வாய் சிறிது. ஆகவே முள்ளும் சிறியதாக இருக்கட்டும். ஆனால், பெரிய மீன் தன் அகன்ற உடலைப் பக்கவாட்டில் திருப்பி வலுவாக இழுக்கும். நரம்பு மெல்லியதாயின் அறுந்துவிடும். “மீன் தப்பிவிட்டது” என்கிறோம். அதுவோ வாயில் தைத்த முள்ளோடு தவிக்கும். ஓர் உயிரை வீணாக வதைப்பது நமக்கு ஆகுமானதா?

எனவே சற்றுத் தடித்த நரம்பையும், வளைந்து கொடுக்கும் மூங்கில் கழியையும் தேர்ந்தெடுங்கள். கரையருகே வந்த மீனைத் தூக்காமல் கைவலையில் ஏந்துங்கள். மீன் அறுக்காமலேயே ஹலால்தான். ஆயினும் பிறர் குத்தகைக் கண்மாயில் அனுமதி பெற்றே தூண்டில் போடுங்கள்.